திரும்பி வந்தவள் அல்லள்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, எண்ணூர்ப் பகுதியிலுள்ள பங்கு ஒன்றில் அண்மையில் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி நிறைவேறியது. திருப்பலி முடிந்து வெளியே வந்தோர் கையிலெல்லாம் பேரப்பிள்ளைகள் ஒரு நினைவு அட்டையைத் தந்தனர். ஒரு பக்கம் சகாய அன்னையின் படம். மறுபக்கம், 89 வயதில் ஆண்டவரில் துயில்கொண்ட மூதாட்டியின் படம். அதன் கீழே நான்கு வரிகள். இன்னாரின் அன்பு மனைவி என்றது முதல் வரி. ஐந்து பிள்ளைகளின் பாசமிகு தாய் என்றது இரண்டாம் வரி. பொறுமையின் சிகரம் என்றும், வீடே உலகமென வாழ்ந்த குலவிளக்கு என்றும் எஞ்சிய இரண்டும் கூறின.

அந்தத் தாயை நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிவோம். அவர் பொறுமைசாலி அல்லர். வீடு அவருக்கு ஒருநாளும் உலகமாக இருந்ததில்லை. உலகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மூன்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு வந்து, மணல்மேட்டில் ஒரு வீட்டை உண்டாக்கியவர் அவர். அச்சிட்ட நான்கு வரிகளில் முதல் இரண்டும் அவருடைய உறவினர் யார் எவர் என்று சொல்கின்றன. பின்னிரண்டும் பொய் சொல்கின்றன. இறந்தோரைப் பற்றி நல்லதே பேசவேண்டும் என்பது நம் மரபு. அதை நாமும் மதிக்கிறோம். ஆனால் ஒருவரைப் பற்றிய நல்லதை எடுத்துவிட்டு, வேறு யாருக்கோ உரிய நல்லதை அவர் படத்தின் கீழே அச்சிடுவது எந்த மரபு?

அட்டை ஒரு சிறு தாள்தானே, அதற்கு இத்தனை சினமா என்று வாசகர் கேட்கலாம். அட்டை சிறியதுதான். அதே பங்கு இப்போது தன் யூபிலி மலருக்குக் கட்டுரைகள் திரட்டிக்கொண்டிருக்கிறது. மலர்க் குழுவினர் வரைந்துள்ள பொருளடக்கத்தை நாம் பார்த்தோம். பணியாற்றிய பங்குத்தந்தையர் வரிசை, கோவிலுக்கு நிலம் தந்தோர், மணி வாங்கித் தந்தோர், பங்குப் பேரவையின் முன்னாள் துணைத்தலைவர்கள் என்று அது நீள்கிறது. 'பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோர்' என்று ஒரே ஒரு பத்தி, அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் ஒரு பெண்ணில்லை. அட்டையில் தொடங்கும் மறதிதான் மலரில் வரலாறாகிறது.

'தாயகம் திரும்பியோர்' என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். அரசு ஆவணங்களில் பிறந்து, நம் மறையுரைகளிலும் புகுந்துவிட்ட சொல் இது. திரும்புதல் என்றால் முன்பு இருந்த இடத்துக்கு மீண்டும் வருதல். நாம் பேசும் தாய் பர்மாவில் பெகு மாவட்டத்தில், நியாங்லேபின் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அங்குள்ள லூர்து அன்னையின் திருத்தலத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் திரண்டு போவது இன்றும் நடக்கிறது. அவருடைய பாட்டனார் நெல்லறுவடைக்குக் கப்பலேறியவர். தந்தையும் அவரும் அங்கேயே பிறந்தவர்கள். 1965ஆம் ஆண்டு வரை இந்திய மண்ணை அவர் கால் தொட்டதில்லை. தொடாத மண்ணுக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப முடியும்? அவர் திரும்பவில்லை, வந்தார். திரும்புகிறவருக்கு வழி தெரியும். அவருக்காக விளக்கேற்றி வைக்க ஒரு வீடும் இருக்கும். முதன்முதலாக வருகிறவருக்கு இரண்டும் இல்லை. அந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் அவருடைய துணிவும் கூடவே அழிந்துபோகிறது.

பர்மாவின் கதையை இளைய வாசகர் பலர் அறியார் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். செட்டியார்களின் வட்டிக்கடைகளைப் பற்றி நம் எழுத்தாளர் நிறையவே எழுதியுள்ளனர். கூலிக்கும் அறுவடைக்கும் ஆலை வேலைக்கும் போனவரைப் பற்றி எழுதியது குறைவு. அவர்களோடு போன பெண்களைப் பற்றி எழுதியது அதிலும் குறைவு. போனவருள் பெண்கள் சிறுபான்மையினர் என்பதும் உண்மையே. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் ரங்கூன்மீது விழுந்தன. அதனைத் தொடர்ந்து 1942இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காட்டுவழியாகவும் மலைவழியாகவும் இந்தியாவை நோக்கி நடந்தார்கள் என்பர். வழியில் மாண்டோர் பல்லாயிரம். நம் தாய் அப்போது சிறுமி. அவர் குடும்பம் நடக்கவில்லை, கிராமத்திலேயே ஒளிந்து பிழைத்தது.

போர் முடிந்தது, பர்மா 1948இல் விடுதலை பெற்றது. அங்கேயே பிறந்த இந்தியரில் பலர் அயல்நாட்டார் பதிவுச் சீட்டு வைத்திருக்கவேண்டியவராயினர். 1962 மார்ச் 2 அன்று படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. பெட்டியில் வைத்திருந்த சேமிப்பு ஒரே நாளில் வெறும் காகிதம் ஆனது. அதன்பின் கப்பல்கள் வரத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் வெளியேறினர். தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்தோர் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகம். நகையையும் பணத்தையும் சுங்கத்தில் விட்டுவிட்டு, கட்டிய துணியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் வேறு பல ஊர்களிலும் அவர்கள் குடியேறினர். எண்ணூரில் இன்றும் ஒரு பகுதிக்குப் பர்மா நகர் என்றே பெயர்.

இவர்கள் திரும்பி வந்தவர்கள் என்று சாதிப்போரிடம் ஒரு கேள்வி. வந்தவருள் ஒரு பகுதியினர் இங்கே இருக்கமுடியாமல், இந்நாட்டின் மறுகோடி வரை சென்று, மணிப்பூர் எல்லை வழியாகப் பர்மாவுக்குள் நடந்தே போக முயன்றார்களே, அது ஏன்? எல்லையில் மறிக்கப்பட்டவர்கள் மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அங்கே தமிழ்ச் சங்கம் கண்டனர், கோவில் கட்டினர். அவர்களைப் பொறுத்தவரை எந்தத் திசை தாயகம்? அரசு எழுத்தர் ஒருவகைச் சொல்லை நிரலில் நிரப்பலாம். அவருக்கு நிரல் நிரம்பினால் போதும். திருச்சபை அச்சொல்லை அப்படியே வாங்கி வழங்கலாமா?

இனி அந்தத் தாயின் வாழ்வு. பெயரை நாம் எழுதவில்லை; அவர் தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் ரங்கூன் அம்மா. முதலில் அது ஏளனமாகச் சொல்லப்பட்டு, பின்னர் மரியாதையானது. கணவர் ரங்கூனில் அரிசி ஆலைக் கணக்கர். அவருடைய பயணத்தாள்கள் முடியவில்லை. தாளுக்காகக் காத்திருந்தால் பிள்ளைகள் பசியால் சாவார்கள் என்று முடிவுசெய்தவர் மனைவி. கணவர் தயங்கினார், மாமியார் அழுதார். எட்டு வயது, ஐந்து வயது, கைக்குழந்தை என மூன்று பிள்ளைகளுடன் 29 வயதுப் பெண் தனியே கப்பலேறினார். வந்து இறங்கும் ஊரில் அவருக்குத் தெரிந்தவர் எவருமில்லை. அவர் பேசிய தமிழ் இவ்வூராருக்குச் சிரிப்பை உண்டாக்கியது. இவ்வூரார் பேசிய தமிழ் அவருக்குப் பாதி புரியவில்லை. கணவர் வந்து சேர ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த ஓராண்டின் ஒவ்வொரு முடிவும் அவருடையது. எந்த முகாமில் இருப்பது, எந்த மனையை ஏற்பது, மூத்தவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எதை விற்றுச் சாப்பிடுவது ஆகிய எல்லாமே.

எதை விற்பது என்பதற்கு அவர் கண்ட விடை மொய்ங்கா. மீன்சாற்றில் வாழைத்தண்டு இட்டுக் கொதிக்கவைத்து, அரிசிச் சேமியாவின்மேல் ஊற்றி உண்ணும் பர்மிய உணவு அது. இன்று கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார்ப் பக்கம் அத்தோவும் மொய்ங்காவும் உண்ண நகரமே வருகிறது. செய்தித்தாள்கள் படம் போடுகின்றன. அன்று அதை விற்றவரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவரோ விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ஆறு மணிக்கு ஆலை வாயிலில் குண்டானோடு நிற்பார். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மோட்டார் வண்டி, மோட்டார் சைக்கிள், டயர், தீப்பெட்டி என ஆலைகள் வரிசையாக இயங்கிய காலம். இரவுப்பணி முடிந்து வரும் தொழிலாளிக்குச் சூடாக ஏதேனும் வேண்டும் என்பதை அவர் பார்த்துக் கணித்தார். மீன் மலிவாகக் கிடைப்பதற்காக இராயபுரம் வரை போய் ஏலத்தில் நின்றார். ஏலம் கூவுபவரின் மொழி புரியாத நாள்களில் விரல்களைக் காட்டி விலை கேட்டார் என்று அவரே நம்மிடம் சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. ஏமாற்றினார்களா என்று கேட்டோம். "முதல் வாரம் ஏமாத்தினாங்க. ரெண்டாவது வாரம் நான் எண்ணக் கத்துக்கிட்டேன், சார்" என்றார்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். மறுவாழ்வுக் கடன் ஒன்றுக்காக அவர் ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் போட்டார். பர்மியப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். வட்டவட்டமான அழகிய பர்மிய எழுத்தில் தம் பெயரை எழுதினார். எழுத்தர் அதைப் பார்த்தார். இது கையெழுத்தாகாது என்றார். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தெரியுமா என்றார். தெரியாது என்றதும் மைப்பெட்டியை நகர்த்தி, இடக்கைப் பெருவிரலைப் பற்றி உருட்டினார். எதிரிலுள்ள கட்டத்தில் 'எழுத்தறிவற்றவர்' என்று எழுதினார். கடன் கணவர் வந்த பிறகே, கணவர் பெயரிலேயே கிடைத்தது. குடும்பத் தலைவர் என்ற கட்டத்துக்கு ஓர் ஆண் பெயர் வேண்டுமாம். குடும்பத்தை ஓராண்டாக நடத்தி வந்தவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஆண்டே அவர் தமிழ் எழுதப் படித்தார். மூத்த மகனின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடுப்படியில் கரியால் எழுதிப் பழகினார். பின்னாளில் மரியாயின் சேனையின் கூட்ட அறிக்கையை அவர்தாம் எழுதுவார். ஆயினும் முதல்வெள்ளி உண்டியல் உறையின் மீது மட்டும் சாகும்வரை பர்மிய எழுத்திலேயே பெயர் எழுதினார். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. நாமும் கேட்கவில்லை. அது இப்போது நம்மை உறுத்துகிறது.

இத்தகைய ஒருவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதுவது, அந்த எழுத்தர் பிடித்து உருட்டிய விரலைத் திருச்சபையும் ஒருமுறை பிடித்து உருட்டுவதாகும். கடுமையான சொல் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

குறை அட்டை அச்சிட்ட பிள்ளைகளுடையது மட்டுமன்று. நம் பக்தி மொழியே இப்படிப் பழகிவிட்டது. கன்னியர் ஒருவர் கடல் கடந்தால் அதை மறைத்தூதுத் துணிவு என்கிறோம். பிரான்சு நாட்டிலிருந்து 1865இல் மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, 1877இல் உதகமண்டலத்தில் மரியாயின் பிரான்சிஸ்கு மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தோற்றுவித்த அன்னை மரிய பாடுகளை நாம் வியக்கிறோம், வியக்கவேண்டியவரே. இத்தாலியிலிருந்து 1889இல் நியூயார்க் சென்று, குடிபெயர்ந்த ஏழைகளுக்காகப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறுவிய பிரான்சிஸ்கா சவேரியார் கபிரினியைத் திருச்சபை 1946இல் புனிதராக்கி, 1950இல் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலியாகவும் அறிவித்தது. சிறுவயதில் தண்ணீரைக் கண்டு அஞ்சியவர் பெருங்கடலை இருபதுக்கும் மேற்பட்ட முறை கடந்தார். இவர்களைப் பற்றிப் பேசும்போது நம் நாவில் வீரம், துணிவு, தொலைநோக்கு என்ற சொற்கள் தாமே வருகின்றன. அதே கடலை ஒரு தாய் குழந்தைகளோடு கடந்தால் மட்டும் அது விதி, கண்ணீர், பொறுமை ஆகிவிடுகிறது. தலையில் முக்காடிட்ட கன்னியருக்குத் துணிவு தகும், இடுப்பில் குழந்தை வைத்திருப்பவருக்குத் தகாது என்று எந்தத் திருச்சங்கம் தீர்மானித்தது?

விவிலியம் அவ்வாறு சொல்லவில்லை. நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் போற்றும் மனைவி, தொலைவிலிருந்து உணவு கொண்டுவருவதால் வணிகக் கப்பலுக்கு ஒப்பிடப்படுகிறார். நிலத்தைத் தாமே பார்த்து வாங்குகிறார். நகர வாயிலில் அவர் செயல்களே அவரைப் புகழவேண்டும் என்று அப்பகுதி முடிகிறது. திருமணத் திருப்பலிகளில் இதை வாசிக்கிறோம்; வாசித்துவிட்டு மணமகளிடம் அடங்கி நட என்று மறையுரை கேட்கிறோம். ரூத்தின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கம். பஞ்சத்தால் மோவாபுக்குப் போன நகோமி பெத்லகேமுக்குத் திரும்பினார். ரூத்து திரும்பவில்லை, அவர் அவ்வூரைக் கண்டதே இல்லை. ஆயினும் எபிரேய மூலத்தில் அவரையும் திரும்பி வந்தவர் என்று குறிக்கும் சொல் இருப்பதை விவிலிய அறிஞர் சுட்டுவர். அக்காலத்து எழுத்தருக்கும் அதே நிரல்தான் போலும்! ஆனால் அந்த நூல் நிரலோடு நின்றுவிடவில்லை. அந்நியப் பெண் வயலில் கதிர் பொறுக்கியதையும், யாரிடம் போவது என்று அவரும் மாமியாரும் திட்டமிட்டதையும், இரவில் களத்துமேட்டுக்குத் தனியே போனதையும் ஒளிக்காமல் சொல்கிறது. ஓபேதின் தாயாக, தாவீதின் முப்பாட்டியாக, மத்தேயு எழுதிய ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் பெயரோடு நிற்கிறார் ரூத்து. அந்த அட்டவணையை நம் மலர்க் குழு தொகுத்திருந்தால் அவர் பெயர் இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் குடிபெயர்ந்தோரைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஆணையை, எகிப்துக்குத் தப்பிச் சென்ற நாசரேத்துக் குடும்பமே எக்காலத்து அகதிக் குடும்பத்துக்கும் முன்மாதிரி என்ற கருத்தோடு தொடங்கினார். நம் கோவில்களில் அன்னை மரியா எத்தனையோ கோலங்களில் இருக்கிறார். இரவோடிரவாகக் கைக்குழந்தையுடன் எல்லை கடந்த கோலத்தில் அவரை எத்தனை பீடங்களில் கண்டிருக்கிறோம்? எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து புறப்பட்ட இளம்பெண்ணும் அவரே. அமைதியாய் இருந்தவர் என்றே அவரைச் சொல்லிச் சொல்லி, நம் தாய்மாரையும் அமைதியாக்கிவிட்டோம்.

மறுப்புகள் உண்டு. அவர் விருப்பப்பட்டா கப்பலேறினார், காலம் தள்ளியது, ஏறினார். இதில் துணிவு எங்கே என்பார் சிலர். காலம் எல்லாரையும்தான் தள்ளியது. தள்ளப்பட்டவர் எல்லாரும் ஒன்றுபோல் நடக்கவில்லை. கணவர் காத்திருக்கச் சொன்னபோது போகலாம் என்றது காலமன்று, அவர். ஆலை வாயிலைத் தேர்ந்ததும் அவர். நெருக்கடியில் எடுத்த முடிவு முடிவாகாது என்றால், புனிதரின் வரலாறுகளில் பாதியை நாம் கிழித்தெறிய வேண்டியிருக்கும். ஆண்களும் துன்புற்றனரே என்பது இன்னொரு மறுப்பு. துன்புற்றனர், ஐயமில்லை. அவர் கணவர் நல்லவர், உழைப்பாளி. இங்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணக்கர். அவரை மலரில் எழுதவேண்டாம் என்று யார் சொன்னது? இருவரையும் எழுதுங்கள் என்றே கேட்கிறோம்.

மூன்றாவது மறுப்பை எதிர்கொள்வதுதான் கடினம். அது பிள்ளைகளிடமிருந்து வந்தது. அட்டை வாசகத்தைப் பற்றி மூத்த மகனிடம் நாம் மெல்லக் கேட்டோம். அவரும் எழுபதை நெருங்கியவர். "அம்மா ரோட்டுல நின்னு வித்தாங்கன்னு எதுக்கு சார் போடணும்? சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் படிப்பாங்க. வீட்டோட இருந்தாங்கன்னு போட்டாத்தான் மரியாதை" என்றார். அவர்மீது நமக்குச் சினமில்லை. கப்பலில் வந்த எட்டு வயதுச் சிறுவன் அவரே. பள்ளியில் பர்மாக்காரன் என்று கல்லெறி வாங்கியவர். வெளியே நின்று சம்பாதித்த தாயைவிட வீட்டோடு இருந்த தாய் உயர்ந்தவள் என்று அவருக்குக் கற்பித்தது யார்? நம் மறைக்கல்வி வகுப்புகளும், நம் அன்னையர் தின நிகழ்ச்சிகளும், இதழ்களில் நாம் எழுதிய கட்டுரைகளுமே. இப்படிப்பட்ட 'குலவிளக்கு'க் கட்டுரை ஒன்றை நாமும் முன்னொரு காலத்தில் எழுதியிருக்கிறோம்; அதை மறைத்துவிட்டு மகனைக் குறைசொல்வது நேர்மையன்று.

ஆதாரம் இல்லை, எழுத எதுவும் கிடைக்கவில்லை என்று மலர்க் குழு சொல்லுமானால், அதற்கும் விடை கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. குடும்ப அட்டை தாயை மறக்கலாம். திருமுழுக்குப் பதிவேடு மறக்காது. குழந்தையின் பெயரோடு தந்தை பெயரும் தாய் பெயரும் எழுதப்படவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். திருமணப் பதிவேட்டைப் புரட்டினால் மணமக்கள் எந்த ஊரில் திருமுழுக்குப் பெற்றவர் என்ற குறிப்பும் கிடைக்கும். 1965க்குப் பிந்தைய இருபது ஆண்டுப் பதிவேடுகளை எடுத்துவைத்து, ரங்கூன், பெகு, நியாங்லேபின், மாந்தளே என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் நின்று பெண்களின் பெயர்களைக் குறித்தால் ஒரு மாலைப்பொழுதில் பட்டியல் கையில் வந்துவிடும். பிறகு அன்பியக் கூட்டங்களில் அந்தப் பெயர்களை வாசிக்கவேண்டும். இன்னும் உயிரோடிருப்போர் பேசுவார்கள். அவர்களுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது என்பதை மட்டும் மலர்க் குழுவுக்கு நினைவூட்டுகிறோம். பங்குத்தந்தையர் வரிசையை அடுத்த ஆண்டும் எழுதலாம். ஆயர் இல்லத்தில் ஏடு இருக்கிறது. ஆலை வாயிலில் நின்றவர்களைப் பற்றி எந்த இல்லத்திலும் ஏடு இல்லை.

இந்த மறதி நேற்றைய கணக்கு மட்டுமன்று. ஞாயிறு காலைத் திருப்பலியில் கடைசித் தூணருகே ஓர் இளம் பெண் கைக்குழந்தையோடு நிற்பதைச் சில மாதங்களாகப் பார்க்கிறோம். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்துக்காரர், பழங்குடிக் கத்தோலிக்கர். கணவர் எண்ணூர்ப் பக்கம் கட்டுமான வேலை செய்கிறார். தமிழ்ப் பாடல் தெரியாது; சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் சுற்றிலும் பார்க்கிறார். அருகில் நிற்போர் கைகுவிப்பது முன்வரிசையைப் பார்த்து. கோவிலுக்கு வெளியே அவரைக் குறித்து 'வடக்கத்திக்காரி' என்றும், இவர்களால்தான் வாடகை ஏறிவிட்டது என்றும் ஒருவர் சொன்னார். சொன்னவர் யார் என்று திரும்பிப் பார்த்தோம். அவருடைய பாட்டி 1966இல் கப்பலில் வந்தவர். தன் பாட்டி 'திரும்பி வந்தவர்', இந்தப் பெண் 'வந்தவர்' என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார். ஒரு பொய்ச்சொல் அறுபது ஆண்டில் செய்யக்கூடிய வேலை இதுதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்கள் மூச்சுத்திணறி இருளில் ஓடினார்கள். மறுநாளிலிருந்து சாலையோரம் அமர்ந்து போராடியவருள் பெண்களே முன்னின்றனர். அவர்களுள் எத்தனை பேர் மீனவப் பெண்கள், எத்தனை பேர் பர்மாவிலிருந்து வந்தோரின் மகள்கள், பேத்திகள் என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ரங்கூன் அம்மாவுக்கு அப்போது வயது எண்பத்தெட்டை நெருங்கியிருந்தது. பிள்ளைகள் வேண்டாம் என்று தடுத்தும், நாற்காலி போடச்சொல்லி ஒரு முழுப்பகல் அங்கே இருந்தார். அந்தப் படம் ஒன்று பேத்தியின் கைப்பேசியில் இருக்கிறது. நினைவு அட்டைக்குத் தேர்ந்தெடுத்ததோ ஒளிப்படக் கூடத்தில் பட்டுச்சேலையுடன் எடுத்த படம்.

முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வேறோர் அட்டை அச்சிட மகள் இசைந்திருக்கிறார். மகன் இன்னும் யோசிக்கிறார். நாம் எழுதிக் கொடுத்த வாசகத்தில் பிறந்த ஊர், கப்பலேறிய ஆண்டு, ஆலை வாயில், மரியாயின் சேனை ஆகியவை உள்ளன. பொறுமை என்ற சொல் இல்லை. பெயரைத் தமிழில் எழுதி, அதன் கீழே பழைய உண்டியல் உறை ஒன்றிலிருந்து அவருடைய பர்மியக் கையெழுத்தை அப்படியே பதிக்கலாமா என்று கேட்டவர் பேத்தி. உறைகளைக் கோவில் கணக்கர் தேடிக்கொண்டிருக்கிறார். மலர்க் குழு வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் கூடுகிறது. திருமணப் பதிவேடுகளை மேசைமேல் எடுத்துவைக்கப் பங்குத்தந்தை சம்மதித்திருக்கிறார்.